பெத்தினோ ரிக்காசோலி

பெத்தினோ ரிக்காசோலி (மார்ச் 9, 1809 - அக்டோபர் 23, 1880) இத்தாலிய அரசியலாளரும் நிலவுடைமையாளரும் வேளாண்மைச் சீர்திருத்தவாதியும் ஆவார். கவூருக்குப் பின் ஒன்றிணைந்த இத்தாலியின் இரண்டாவது தலைமை அமைச்சராகப் பதவி ஏற்றவர். 1861-1862, 1866-1867 ஆகிய காலப்பகுதிகளில் இரு முறை அப்பதவியை வகித்தார். டஸ்கனிப் பகுதியில் புளோரன்சுக்கும் சியேனாவுக்கும் இடையே அமைந்த கியாந்தி மலைநாட்டில் உள்ள புரோலியோ பண்ணை இவரது பரம்பரைச் சொத்து. அங்கு இவர் பல்லாண்டுகள் செய்த சோதனைகளின் விளைவாகவே இன்று உலகெங்கும் அறியப்படும் கியாந்தி வைனின் திராட்சைக் கலவை உருவானது. வளைந்து கொடுக்காத இயல்பு காரணமாக இரும்புப் பிரபு என்று அழைக்கப்பட்டார்.

இத்தாலிக்கு வெளியே இவருடைய அரசியல் பெரும்பாலும் மறக்கப்பட்டுவிட்டது. வைன் பற்றிய நூல்களில் மட்டும் இவர் பெயர் தவறாமல் இடம்பெறுகிறது. அவற்றுள்ளும் இவர் கூறியதாகச் சொல்லப்படுவன பல இவர் கூறியவை அல்ல.

பிறப்பும் இளமையும்

ரிக்காசோலி புளோரன்ஸ் நகரில் லூயிஜி ரிக்காசோலி, எலிசபெத்தா பெருட்சி ஆகியோருக்கு மகனாகப் பிறந்தார். இரு குடும்பங்களுமே அந்நகரின் பழம்பெரும் குடிகள். புரோலியோ கோட்டை 1141 ஆம் ஆண்டு முதல் ரிக்காசோலிக் குடும்பத்தின் வசம் இருந்து வந்தது. புளோரன்ஸ், சியேனா ஆகிய இரு குடியரசுகளும் நூற்றாண்டுக் கணக்கில் ஒன்றோடொன்று போரிட்டபோது, எல்லையில் நின்ற இக்கோட்டை புளோரன்சின் காவலரணாக விளங்கியது. பல முறை தாக்கப்பட்டுச் சிதைந்து மீண்டும் கட்டப்பட்டது.

பெத்தினோ பிராத்தோ நகரின் சிக்கோஞ்ஞினிக் கல்லூரியில் பயின்றார். சிறு வயதிலேயே தந்தையை இழந்தார். குடும்பத்தின் பெயர் பெரிதாக இருந்த அளவுக்குக் கடனும் பெரிதாக இருந்தது. இளைய சகோதரர்கள் இருவரின் பொறுப்பும் இவர் மீது விழுந்தது. சட்டப்படி உரிய வயது நிரம்பாத நிலையிலும், டஸ்கனியின் பெருங்கோமகன் தனி ஆணை மூலம் இவரை வயது வந்தவராக அறிவித்துச் சொத்தை நிர்வகிக்கும் உரிமை வழங்கினார். அப்போது இவருக்கு வயது 18. மற்ற பிரபு குடும்பத்து இளைஞர்கள் நகர விருந்துகளில் பொழுது போக்கிய வயதில் இவர் கணக்கேடுகளைப் புரட்டிக் கொண்டிருந்தார். சிக்கனம், கண்டிப்பு, எதையும் எழுதி வைக்கும் பழக்கம் ஆகியன இக்காலத்தில் படிந்தவை எனலாம்.

1830 இல் அன்னா பொனக்கோர்சியை மணந்தார். அடுத்த ஆண்டு எலிசபெத்தா என்னும் மகள் பிறந்தார். வேறு குழந்தைகள் இல்லை.

புரோலியோவில் குடியேற்றம்

1830களின் பிற்பகுதியில் ரிக்காசோலி நகர வாழ்க்கையைத் துறந்து மனைவி, மகளுடன் புரோலியோவில் குடியேறினார். இதற்கு ஒரு கதை கூறப்படுவதுண்டு. புளோரன்சில் நடந்த நடன விருந்து ஒன்றில் இளைஞர் ஒருவர் அன்னாவிடம் அளவுக்கு மீறி அக்கறை காட்டினாராம். ரிக்காசோலி உடனே மனைவியை வண்டியில் ஏற்றி, விருந்து உடையைக் கூட மாற்ற விடாமல், அந்தக் குளிர் இரவிலேயே கோட்டைக்குக் கொண்டு சென்றாராம். வைன் வரலாற்று நூல்கள் இக்கதையைத் திரும்பத் திரும்பச் சொல்கின்றன. கடனில் மூழ்கிய பண்ணையை நேரில் இருந்து மீட்க வேண்டிய கட்டாயம் இருந்தது என்பதே போதுமான காரணம். எனினும் அன்னாவுக்கு அந்தக் கோட்டை வாழ்க்கை எளிதாக இருந்திருக்காது. நகரத்திலிருந்து வெகு தொலைவில், காடு சூழ்ந்த குன்றின் மீது, ஓயாத கண்டிப்புடைய கணவருடன் அவர் வாழ்ந்தார். 1852 இல் காலமானார்.

பண்ணையின் நிலை

புரோலியோ கையோலே என்னும் ஊருக்கு அருகில் உள்ளது. நிலம் கரடுமுரடான குன்றுகளால் ஆனது. எளிதில் உதிரும் களிமண் பாறையும் சுண்ணாம்புக் கல்லும் கலந்த மண். தானியம் சுமாராகவே விளையும். ஆனால் திராட்சைக்கும் ஒலிவ மரத்துக்கும் ஏற்றது. 1716 ஆம் ஆண்டிலேயே மூன்றாம் கோசிமோ என்னும் டஸ்கனிப் பெருங்கோமகன் வெளியிட்ட ஆணை, கியாந்தி உள்ளிட்ட நான்கு வைன் பகுதிகளின் எல்லைகளை வரையறுத்திருந்தது. ஆக, பகுதியின் பெயருக்கு மதிப்பு இருந்தது. அப்பெயரில் விற்கப்பட்ட வைனுக்கு ஒரே சீரான தரம் இருக்கவில்லை.

இதற்கு முதற்காரணம் நிலவுடைமை முறை. டஸ்கனி முழுவதும் மெட்சாத்ரியா என்னும் வாரக் குத்தகை முறை நிலவியது. பண்ணை பல சிறு கூறுகளாகப் பிரிக்கப்பட்டிருக்கும். ஒவ்வொரு கூறிலும் ஒரு குடியானவக் குடும்பம் வீடு கட்டி வாழும். விளைச்சலில் பாதி நிலவுடைமையாளருக்கு, பாதி குடியானவருக்கு. குடும்பத்தின் உணவு அதே நிலத்திலிருந்து கிடைக்க வேண்டும் என்பதால் குடியானவர் எல்லாவற்றையும் கலந்து பயிரிட்டனர். கோதுமை வயலின் வரப்பில் மேப்பிள் மரங்கள் நிற்கும். அவற்றின் மீது திராட்சைக் கொடி படரும். இடையிடையே ஒலிவ மரங்கள். ஒரு பயிர் பொய்த்தாலும் மற்றொன்று கைகொடுக்கும் என்பது இதன் பின்னிருந்த அறிவு. பசியோடு வாழ்ந்தவர்களுக்கு இது அறிவீனம் அன்று. ஆனால் நல்ல வைனுக்கு இது உதவவில்லை. மரநிழலில் வளர்ந்த குலைகள் சீராகப் பழுக்கவில்லை. சிவப்பும் வெள்ளையுமாகப் பல இனத் திராட்சைகள் ஒன்றாகப் பறிக்கப்பட்டு ஒரே தொட்டியில் கொட்டப்பட்டன.

இரண்டாவது காரணம் வைன் ஆக்கும் முறை. கொவெர்னோ எனப்படும் பழைய டஸ்கனி வழக்கத்தில், அறுவடையின்போது ஒரு பகுதிக் குலைகளைத் தனியே எடுத்து நாணற்பாய்களில் உலர வைப்பர். சில வாரங்கள் கழித்து, முதல் நொதிப்பு முடிந்த வைனுடன் உலர்ந்த திராட்சையின் சாற்றைச் சேர்ப்பர். அதனால் நொதிப்பு மீண்டும் கிளம்பி, எஞ்சிய சர்க்கரையும் தீர்ந்து, வைன் மென்மையாகி விரைவில் குடிப்பதற்கு ஏற்றதாகும். நாவில் மெல்லிய கூச்சமும் தரும். உள்ளூர்ச் சாப்பாட்டு மேசைக்கு இது போதும். நெடுங்காலம் வைத்திருக்கவோ கடல் கடந்து அனுப்பவோ அது பொருந்தாது. வைன் வைக்கோல் சுற்றிய வயிறு பெருத்த குப்பிகளில் அடைக்கப்பட்டது. மேலே தக்கைக்குப் பதிலாகச் சிறிது ஒலிவ எண்ணெய் ஊற்றிக் காற்றைத் தடுப்பர். இத்தகைய குப்பியைக் கப்பலில் ஏற்ற முடியாது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

நிர்வாகச் சீர்திருத்தம்

ரிக்காசோலி முதலில் தொட்டது மனிதர்களை. வாரக் குத்தகை முறையை இவர் ஒழிக்க நினைக்கவில்லை. அதை ஒழுங்குபடுத்தவே முனைந்தார். கொடியை எப்போது கத்தரிப்பது, சரிவுகளில் மண் அரிக்காமல் எவ்வாறு கல்வரப்புக் கட்டுவது, எரு எங்கே சேர்ப்பது, அறுவடை எப்போது தொடங்குவது என்பனவற்றை எழுத்து வடிவ விதிகளாக வகுத்தார். மேலாளர்களுக்கும் குடியானவர்களுக்கும் கடமைகள் தனித்தனியே குறிக்கப்பட்டன. ஞாயிற்றுக்கிழமைகளில் குடியானவர்களைத் திரட்டி வேளாண்மை பற்றியும் ஒழுக்கம் பற்றியும் அவரே உரையாற்றினார். ஆழ்ந்த சமய நம்பிக்கை உடையவர். உழைப்பையும் இறைபக்தியையும் பிரித்துப் பார்க்காதவர்.

இதன் மறுபக்கத்தையும் குறிப்பிட வேண்டும். வாரக் குத்தகை முறையில் குடியானவர் வீட்டுக் காரியங்களிலும் நிலவுடைமையாளரின் சொல் செல்லும். திருமணத்துக்குக் கூட அனுமதி தேவைப்பட்டது. ஆண்டுதோறும் குடும்பத்தை வெளியேற்றும் உரிமையும் அவரிடம் இருந்தது. ரிக்காசோலியின் கண்டிப்பு இம்முறையின் பிடியை இறுக்கியதே அன்றித் தளர்த்தவில்லை. குடியானவர் வறுமையை அவர் ஒழுக்கக் குறைவாகவே பெரிதும் கண்டார், பங்கீட்டின் குறையாக அல்ல. புரோலியோவின் விளைச்சலும் வருவாயும் உயர்ந்தன. கடன் படிப்படியாக அடைந்தது. இதே முறை 20 ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை டஸ்கனியில் நீடித்து, புதிய வாரக் குத்தகை ஒப்பந்தங்களைத் தடை செய்த 1964 ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பின்னரே மறைந்தது.

கோட்டையும் மாறியது. சியேனாவின் கட்டடக் கலைஞர் பியெத்ரோ மார்க்கெத்தியைக் கொண்டு, பழைய மதில்களுக்குள் சியேனாப் பாணியில் செங்கல்லால் ஆன நவகோதிக் மாளிகை ஒன்றை எழுப்பினார். சாம்பல் நிறக் கல்மதிலின் மேல் சிவந்து தெரியும் அக்கட்டடம் இன்றும் தொலைவிலிருந்தே அடையாளம் காணத்தக்கது.

வைன் சோதனைகள்

ரிக்காசோலியின் நோக்கம் தெளிவானது. பிரான்சின் வைன்களைப் போலப் பயணத்தையும் காலத்தையும் தாங்கக்கூடிய, அயல்நாட்டில் பெயர் சொல்லி விற்கக்கூடிய ஒரு வைனைக் கியாந்தியில் ஆக்க வேண்டும். பிரான்சுக்கும் செருமனிக்கும் சென்று அங்குள்ள தோட்டங்களையும் நிலவறைகளையும் பார்வையிட்டார். வைனின் வேதியியலைக் கற்றார். புரோலியோவில் திராட்சை இனங்களைப் பிரித்து வளர்த்து, தனித்தனியாக நொதிக்க வைத்து, பின்னர் வெவ்வேறு அளவுகளில் கலந்து பார்த்தார். இதில் புதுமை கலப்பது அன்று. கலவை பழைய வழக்கமே. ஒவ்வொரு இனமும் கலவையில் என்ன செய்கிறது என்பதைத் தனியே அறிந்து கொண்டு, வேண்டியதை மட்டும் வைத்துக் கொள்வதே புதுமை.

18 ஆம் நூற்றாண்டில் கியாந்திப் பகுதியில் கனாயோலோ என்னும் சிவப்புத் திராட்சையே முதன்மையாக இருந்தது. அது மென்மையானது. உலர வைக்கும்போது அழுகாமல் நிற்பதால் கொவெர்னோ முறைக்கும் உகந்தது. மற்றொரு சிவப்பு இனமான சாஞ்சோவேசே (உள்ளூர் வழக்கில் சாஞ்சோவேத்தோ) மெதுவாகப் பழுப்பது, புளிப்பு மிகுந்தது, இளமையில் நாவைக் கடிப்பது. ஆனால் மணமும் உடல்வலுவும் அதனிடமே இருந்தன. ரிக்காசோலி இவ்வரிசையைத் தலைகீழாக்கினார். சாஞ்சோவேசே முதன்மை, கனாயோலோ துணை என்ற முடிவுக்கு வந்தார்.

இச்சோதனைகள் தடையின்றி நடக்கவில்லை. 1850களின் தொடக்கத்தில் அமெரிக்காவிலிருந்து வந்த சாம்பல் நோய் டஸ்கனித் தோட்டங்களைத் தாக்கியது. இலையிலும் காயிலும் வெண்சாம்பல் படிந்து, காய்கள் வெடித்து வீணாயின. கந்தகப் பொடி தூவுவதே மருந்து என்பது நிலைபெறுவதற்குள் ஐரோப்பா முழுவதும் பல அறுவடைகள் பாழாயின. அதே பத்தாண்டில் ரிக்காசோலி கடற்கரைச் சதுப்புநிலமான மரேம்மாப் பகுதியில் குரொசேத்தோ நகருக்கு அருகே பார்பனெல்லா என்னும் நிலத்தை வாங்கி, அறுவடை இயந்திரங்களை வரவழைத்துத் தானியச் சாகுபடியில் ஈடுபட்டார். மலேரியா நிறைந்த அப்பகுதியில் செல்வர் எவரும் தங்க விரும்பியதில்லை.

1872 ஆம் ஆண்டுக் கடிதம்

சோதனைகளின் முடிவுகளை ரிக்காசோலி 1872 இல் பீசாப் பல்கலைக்கழகப் பேராசிரியர் செசாரே ஸ்துதியாத்திக்கு எழுதிய கடிதத்தில் தொகுத்துரைத்தார். வைன் மணத்தின் பெரும்பகுதியும் சுவையின் வலுவும் சாஞ்சோவேசேயிலிருந்து வருகின்றன என்றும், கனாயோலோ அதன் கடுமையைத் தணித்து மணத்தைக் குறைக்காமல் இனிமை சேர்க்கிறது என்றும் விளக்கினார். மல்வாசியா என்னும் வெள்ளைத் திராட்சை முதல் இரண்டின் செறிவைக் குறைத்து, வைனை இலேசாக்கி, அன்றாடச் சாப்பாட்டுக்கு விரைவில் பயன்படச் செய்யும். நெடுநாள் வைத்துப் பழுக்கவிடும் வைனுக்கு அது தேவையில்லை என்பது அவர் கருத்து.

இதுவே பின்னாளில் ரிக்காசோலியின் சூத்திரம் எனப் பெயர் பெற்றது. உண்மையில் சூத்திரம் என்ற சொல் இதற்குப் பொருந்தாது. பல நூல்களில் 70, 20, 10 விழுக்காடு எனப் பங்களவுகள் தரப்படுகின்றன. கடிதத்தின் புகழ்பெற்ற பகுதி ஒவ்வொரு இனத்தின் பணியையும் கூறுகிறதே தவிர விழுக்காடு எதையும் கூறவில்லை. ஒரே வைனை அல்ல, இரு வகை வைன்களை அவர் மனத்தில் கொண்டிருந்தார் என்பதும் அடிக்கடி மறக்கப்படுகிறது.

அரசியல்

1847 இல் லம்புருஸ்கினி, சல்வஞ்ஞோலி ஆகியோருடன் இணைந்து லா பாத்ரியா என்னும் செய்தித்தாளைத் தொடங்கினார். பின்னர் புளோரன்ஸ் நகரத் தலைவரானார். 1849 இல் நாட்டை விட்டு ஓடிய பெருங்கோமகன் இரண்டாம் லியோபோல்தோவை மீண்டும் அழைப்பதில் மிதவாதிகளுடன் சேர்ந்து நின்றார். அவர் தாமாகத் திரும்பினால் ஆஸ்திரியப் படைகள் வருவதைத் தவிர்க்கலாம் என்பது கணக்கு. ஆஸ்திரியர் வந்தே விட்டனர். ஏமாற்றமடைந்த ரிக்காசோலி பொது வாழ்விலிருந்து விலகிப் பண்ணைக்குத் திரும்பினார். வைன் சோதனைகள் தீவிரமடைந்த ஆண்டுகள் இவ்வாறு தோல்வியின் விளைவாக அமைந்தவை.

1859 ஏப்ரல் 27 அன்று பெருங்கோமகன் மீண்டும் வெளியேறியபோது ரிக்காசோலி உள்துறை அமைச்சராகவும் பின் டஸ்கனி அரசின் தலைவராகவும் பொறுப்பேற்றார். வில்லாபிராங்கா உடன்பாட்டின்படி பழைய ஆட்சியாளர்கள் திரும்ப வேண்டும் என மூன்றாம் நெப்போலியனும் ஆஸ்திரியாவும் முடிவு செய்திருந்தனர். ரிக்காசோலி அசையவில்லை. பீட்மாண்டுடன் இணைவது தவிர வேறெதற்கும் உடன்பட மறுத்தார். தனித் தஸ்கனி வேண்டும் என்ற நண்பர்களின் சொல்லையும் ஏற்கவில்லை. 1860 மார்ச் மாதம் நடந்த பொது வாக்கெடுப்பில் 3,66,571 பேர் இணைப்புக்கும் 14,925 பேர் தனி அரசுக்கும் வாக்களித்தனர். இத்தாலிய ஒருங்கிணைப்பில் இவரது மிகப் பெரிய பங்கு இதுவே.

1861 ஜூன் 6 அன்று கவூர் திடீரென இறக்க, ரிக்காசோலி தலைமை அமைச்சரானார். அரசவைச் சூழ்ச்சிகளும் அரசர் இரண்டாம் விக்டர் இம்மானுவேலுடன் ஒத்துப்போகாமையும் 1862 மார்ச்சில் அவர் பதவி விலகக் காரணமாயின. 1866 ஜூனில் ஆஸ்திரியாவுடனான போர் தொடங்கிய வேளையில் இரண்டாம் முறை பதவியேற்றார். அப்போரின் முடிவில் வெனேசியா இத்தாலியுடன் இணைந்தது. திருச்சபையின் சுதந்திரம் தொடர்பாக அவரது அரசு கொண்டு வந்த சட்டமுன்வடிவு நாடாளுமன்றத்தில் எதிர்ப்பைச் சந்தித்தது. 1867 ஏப்ரலில் விலகினார். மக்களவை உறுப்பினராகத் தொடர்ந்தாலும் அதன் பின் அவரது காலம் பெரும்பாலும் புரோலியோவிலேயே கழிந்தது.

குடியானவர்களை ஆண்ட அதே முறையில் நாடாளுமன்றத்தையும் ஆள முற்பட்டது அவரது குறை என்று கூறலாம். பேரம் பேசுவதை அவர் இழுக்காகக் கருதினார். கொடிக்கு அது பொருந்திற்று. மக்களவைக்குப் பொருந்தவில்லை.

இறப்பு

1880 அக்டோபர் 23 அன்று புரோலியோவில் காலமானார். கோட்டையில் உள்ள புனித யாக்கோபு சிற்றாலயத்தின் கீழ் அமைந்த குடும்பக் கல்லறையில் அடக்கம் செய்யப்பட்டார். அவரது கடிதங்களும் ஆவணங்களும் 1887 முதல் பல தொகுதிகளாக வெளியிடப்பட்டன.

கலவையின் பிற்கால வரலாறு

ரிக்காசோலிக்குப் பின் கியாந்தி என்ற பெயர் விரிந்து கொண்டே சென்றது. 1924 இல் பழைய பகுதியின் உற்பத்தியாளர்கள் கருஞ்சேவலைச் சின்னமாகக் கொண்டு ஒரு கூட்டமைப்பை நிறுவினர். 1932 இல் அரசு கியாந்தியின் எல்லையைப் பெரிதும் விரித்து ஏழு உட்பகுதிகளாகப் பிரித்தது. பழைய நிலம் கியாந்தி கிளாசிக்கோ ஆனது.

1967 இல் வந்த தோற்றப் பெயர்க் கட்டுப்பாட்டு விதிகள் கலவையைச் சட்டமாக்கின. அவற்றின்படி கியாந்தியில் 10 முதல் 30 விழுக்காடு வரை வெள்ளைத் திராட்சை இருந்தே தீர வேண்டும். ரிக்காசோலி நெடுநாள் வைனுக்கு வேண்டாம் என்று ஒதுக்கிய ஒன்று கட்டாயமாயிற்று. அவர் குறிப்பிட்ட மல்வாசியாவுடன், மிகுதியாகக் காய்ப்பதும் சுவை குறைந்ததுமான திரெப்பியானோவும் சேர்க்கப்பட்டது. தோட்டங்களில் வெள்ளைத் திராட்சை மிகுந்திருந்ததால் இது பலருக்கு வசதியாகவும் இருந்தது. விளைவு, வெளிறிய நிறமும் குறைந்த ஆயுளும் உடைய வைன். பெயரும் விலையும் சரிந்தன.

சிறந்த உற்பத்தியாளர் சிலர் கியாந்தி என்ற பெயரையே கைவிட்டனர். அந்தினோரி நிறுவனத்தின் திஞ்ஞானெல்லோ (முதல் அறுவடை 1971) சாதாரண மேசை வைன் என்ற பெயரில் உயர்ந்த விலைக்கு விற்கப்பட்டது. சட்டம் மெல்ல வழிக்கு வந்தது. 1984 இல் கிளாசிக்கோவுக்கான வெள்ளைத் திராட்சையின் கட்டாய அளவு 2 முதல் 5 விழுக்காடாகக் குறைந்தது. 1996 இல் முழுவதும் சாஞ்சோவேசேயால் ஆன கியாந்தி கிளாசிக்கோ அனுமதிக்கப்பட்டது. 2006 அறுவடை முதல் கிளாசிக்கோவில் வெள்ளைத் திராட்சை தடை செய்யப்பட்டது.

புரோலியோ பின்னாளில்

பண்ணையின் வரலாறும் இதே ஏற்ற இறக்கத்தைக் கண்டது. இரண்டாம் உலகப் போரில் கோட்டை குண்டுத் தாக்குதலுக்கு உள்ளாகி, சுவர்களில் அதன் தழும்புகள் எஞ்சின. 1970களில் வைன் வணிகமும் பெயரும் சீகிராம் என்னும் பன்னாட்டு நிறுவனத்தின் கைக்குச் சென்றன. நிலம் மட்டும் குடும்பத்திடம் இருந்தது. தரம் தாழ்ந்து பெயர் மங்கிய நிலையில், இரும்புப் பிரபுவின் வழித்தோன்றலான பிரான்செஸ்கோ ரிக்காசோலி 1993 இல் வணிகத்தை மீட்டார். பழைய கொடிகள் பெரும்பாலும் அகற்றப்பட்டு மண்ணின் தன்மைக்கேற்ப மறுநடவு செய்யப்பட்டது. ஏறத்தாழ 1,200 எக்டேர் பரப்புடைய பண்ணையில் 240 எக்டேர் அளவு திராட்சைத் தோட்டம்.

கோட்டையின் ஒரு பகுதி குடும்ப அருங்காட்சியகமாகத் திறந்து வைக்கப்பட்டுள்ளது. முழுநிலவு இரவுகளில் பிரபு வெண்குதிரை மீதேறித் தோட்டங்களைச் சுற்றி வருவதாக அவ்வட்டாரத்தில் ஒரு நம்பிக்கை உண்டு. வேலை சரியாக நடக்கிறதா என்று பார்க்கத்தான் வருகிறார் என்பர்.